அசையாத மேசை

கோமளாவின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்கள், அவள் போய் ஒரு வருடம் ஆன பிறகும், ஆராய்ச்சி நிலையத்தில் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தன. ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நடையாய் நடந்தேன். பல ஆய்வுக்கூடங்களுக்கும் பொதுவான நுண்ணோக்கி அது, முறைவைத்துத்தான் கிடைக்கும். பொறுப்பிலிருந்த எஸ்தர், இரண்டு பேரின் முறைக்கு நடுவே என்னை உட்காரவைத்தாள். திரையில் அவை நீண்டன, சுருங்கின, ஒன்றையொன்று தள்ளின. கோமளாவும் அப்படித்தான், சும்மா இருக்கத் தெரியாதவள்.

திடீரென்று எல்லாம் நடுங்கியது.

"சார், காலாட்டாதீங்க. மேசையில இடிச்சுப் படம் ஆடுது."

"வீட்டுக்கு ஆகாதுன்னு என் மனைவியும் திட்டுவா."

"வீட்டுக்கு எப்படியோ, என் மெஷினுக்கு ஆகாது," என்று சிரித்தாள்.

திட்டிவிட்டு, கோமளா என் முழங்காலைக் கையால் அழுத்திப் பிடிப்பாள். இப்போது நானே பிடித்துக்கொண்டேன். படம் நின்றது.

"அடுத்து யாரும்மா?"

"புது மருந்து சார். இந்தத் தட்டுலதான் விடுவாங்க. இதுங்க சாகுதான்னு பார்க்கணும்."

"நல்லதுதானே."

"நல்லதுதான் சார். படம் ஆடாம நின்னா உடனே ஆரம்பிச்சிடுவாங்க. ஆடுற வரைக்கும் தொட மாட்டாங்க."

கதவு திறந்தது. கையுறை மாட்டிய ஒரு பெண் மருந்தோடு வந்து நின்றாள்.

நான் முழங்காலிலிருந்து கையை எடுத்தேன்.