பதினொரு மணித்தியாலம்

"பாரிசில இருந்து உங்கட மகன்தான் அனுப்பினவர். தங்கச்சியை இண்டைக்கே கூட்டிக்கொண்டு வரட்டாம்" என்றான் வந்தவன்.

புங்குடுதீவில் யாரும் அவனை முன்பு கண்டதில்லை. மீனலோசனி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இவனை நம்பிக் குமர்ப்பிள்ளையான மகளை எப்படி அனுப்புவது?

"மகனை எப்பிடித் தெரியும், தம்பி?"

"போன வருசம் ரெண்டு பேரும் ஒண்டாத்தானே பாரிசுக்குப் போனனாங்கள். பிளேனில பக்கத்துச் சீற்."

"ஓமோ? எவ்வளவு நேரம் பறந்தனீங்கள்?"

"கொழும்பில இருந்து ஐயாயிரத்து முன்னூறு மைல். நேரா பதினொரு மணித்தியாலம்." தட்டுத்தடங்கல் இல்லாமல் சொன்னான்.

பக்கத்து வீட்டு ஐயாத்துரைக்குப் பொறுக்கவில்லை.

"பிளேன் ஓட்டினவன் மாதிரியெல்லோ சொல்லுறார்! இன்னும் என்னக்கா சந்தேகம்?"

"இப்ப ஒரு சந்தேகமும் இல்லை."

மீனலோசனி எழுந்துபோய்ப் படலையை அகலத் திறந்து பிடித்தாள்.

"வெளிக்கிடும் தம்பி. என்ர மகன் மொஸ்கோவில அடைபட்டுக் கிடந்து, பனிக்காட்டுக்குள்ளால நடந்து, லொறிக்குள்ள ஒளிச்சிருந்து பாரிசுக்குப் போய்ச்சேர எட்டு மாதம் எடுத்தது."