கம்பியில் ஒரு கறுப்பு ரிப்பன்

வியன்னா ஓபரா அரங்கில், நின்று கேட்கும் நாங்கள் கம்பியில் கழுத்துத்துணியைக் கட்டி இடம் பிடிக்கிறோம். கட்டிவிட்டால் யாரும் தொடமாட்டார்கள். மஞ்சள் வெளிச்சத்தில் வரிசையாகத் துணிகள் தொங்குகின்றன. போலந்திலிருந்து வந்த போஷெனாவிடம் மட்டும் துணி இல்லை. இடம் போய்விடுமென்று பசியோடு கம்பியைப் பிடித்து நிற்கிறாள். பக்கத்தில் வெள்ளைப் பொய்முடியும் சரிகைக் கோட்டுமாக, பழங்கால இசைமேதை வேடத்தில் டிரிதான் வந்து நிற்கிறான். தெருவில் வெளியூர்க்காரர்களை மடக்கி, மட்டமான கச்சேரிக்கு டிக்கெட் விற்பவன்.

“மத்தியானமே வேண்டாம்னு சொன்னேன்ல? இங்கயும் வந்துட்டியா?” என்கிறாள் போஷெனா.

“வேலை முடிஞ்சிருச்சுக்கா. நானும் பாட்டு கேக்கத்தான் வந்தேன்.”

பொய்முடியைக் கழற்றுகிறான், நெற்றியில் சிவந்த தடம். அவள் வாடிய முகத்தைப் பார்த்து, அந்தப் பொய்முடியையே அவள் இடத்தில் கம்பியில் மாட்டப் போகிறான்.

“துணிதான் கட்டணும், தம்பி,” என்கிறாள் காவலுக்கு நிற்கும் ஹெட்விக், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பொய்முடியின் பின்னலிலிருந்து கறுப்பு ரிப்பனை உருவி, கம்பியில் அழகாக முடிச்சுப் போடுகிறான் டிரிதான்.

“போய் சாப்பிட்டு வாங்கக்கா. பின்பக்கமா போங்க. முன்வாசல்ல எங்க ஆளுங்க டிக்கெட்டோட நிக்கிறாங்க.”