பச்சைக் கோடு போகிற இடம்

“மெஷின்ல கத்திரிக்கோல் படம் காட்டுனாங்களே, அதுக்கு மனசுக்குள்ள இன்னா பேரு சொன்னீங்க?”

ஷகீலா இதைக் கேட்டபோது அவள் கணவர் வலியுல்லாவின் கையில் பேனா இருந்தது. ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அடையாறு ஆஸ்பத்திரியின் சின்ன அறை. கம்ப்யூட்டர் திரையில் அவருடைய மூளை மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. சிவப்பு, கட்டி. மஞ்சள், ஸ்கேனில் படங்களுக்குப் பேர் சொன்னபோது தெரிந்த பேச்சு இடம். மஞ்சளைத் தொடாமல் சிவப்புக்குப் போகிற வழிதான் பச்சைக் கோடு. பேச்சுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் நீரஜா இப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

“கைஞ்சின்னு சொன்னேன். ஏன்?”

நம் வீட்டில் எல்லோரும் சொல்கிற உருதுப் பேர்தானே என்று அவருடைய அக்கா அமீனா பீ சிரித்தாள். ஸ்கேனுக்குக் கூட வந்தவள் அவள்தான். தாய்மொழி என்ற இடத்தில் உருது என்று எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். வந்த படங்களுக்கெல்லாம் அவர் உருதுவிலேயே பேர் சொல்லியிருக்கிறார்.

ஷகீலா தமிழ் பேசுகிற வீட்டிலிருந்து வந்தவள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். உருதுவில் அவளுக்கு பானி, கானாவைத் தாண்டி ஒன்றும் வராது. அவர் அவளிடம் சண்டை போட்டது, சமாதானமானது, மீன் குழம்பைக் கேலி செய்தது எல்லாம் தமிழில்.

பச்சைக் கோட்டையே பார்த்தாள். அது ஒன்றுமே இல்லாத இடமா, யாரும் கேட்டுப் பார்க்காத இடமா?

“அப்போ தமிழ் எங்க கீது, டாக்டர்?”

டாக்டர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

பெரும்பாலும் இரண்டு மொழியும் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்றார். சிலருக்குத் தள்ளியும் இருக்கலாம். அந்த வழியில் தமிழ் இருந்தால் அது போய்விடக்கூடும். தமிழில் மறுபடி ஸ்கேன் எடுத்து, வழியை மாற்றி வரைந்து, ஆபரேஷன் தியேட்டர் கிடைக்கப் பத்து நாளாகும். ஆனால் போன வாரம் மட்டும் மூன்று தடவை வலிப்பு வந்திருக்கிறது. அடுத்தது எப்படி இருக்குமோ, சொல்ல முடியாது.

உயிர் முக்கியம் என்றாள் அமீனா பீ.

ஷகீலாவுக்கும் அதுதானே முக்கியம்? பிறகு ஏன் பேனாவைப் பிடுங்கத் தோன்றுகிறது?

வலியுல்லா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தமிழ் போச்சுன்னா, நீ உருது கத்துக்குவியா?”

அதையும் தமிழில்தான் கேட்டார்.

ஷகீலா அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள், கையெழுத்தா, பத்து நாளா?