முனிராஜ் கொடுத்த விருந்து

வீட்டு முற்றத்துத் துளசிமேல் கை வைத்துச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. நம்பிக்கை வராதவர்களுக்காக இன்னொரு கையையும் வைக்கிறேன்.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் ஒரு மணி. மைசூரில் அந்தப் பழைய ஹோட்டல். பெயர் சொன்னால் கூட்டம் சேர்ந்துவிடும், வேண்டாம்.

எனக்கு எதிரில் முனிராஜ், கொள்ளேகால் பட்டு வியாபாரி. அவர் பெண் ஜீவிதாவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று என் பிள்ளை ஹ்ருஷிகேஷ் இரண்டு வருஷமாக ஒற்றைக் காலில் நிற்கிறான்.

முனிராஜ் எங்களிடம் ஜாதகம் கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார்.

"பையனோட அப்பா எங்கூட ஒரே மேசைல உக்காந்து ஒரு வேளை சாப்பிடட்டும். அப்பறம் நாள் பாக்கலாம். வரலைன்னா இந்தப் பேச்சே வேண்டாங்க."

நாங்கள் ஆசாரமான மேல்கோட்டை வைணவ வம்சம். அறுபத்தெட்டு வயது வரை நான் வெளியில் ஒரு வாய் காபி குடித்தவனில்லை.

கிளம்பும்போதே என் மனைவி ஸரஸா எச்சரித்தாள். "அங்க போய் உங்க அளப்பையெல்லாம் ஆரம்பிக்காதீங்கோ. சிரிச்சுண்டே உக்காந்திருங்கோ, போரும்."

அந்த ஹோட்டலுக்கு அடியில் ஒயின் பாட்டில்கள் வைக்கிற நிலவறை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துப் பாட்டில்களெல்லாம் அங்கே படுத்துக் கிடக்கின்றன. ஆழம் எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை. பரிமாறுகிற தொட்டையன் பாட்டில் எடுக்க இறங்கும்போது, கையில் ஒரு சித்திரான்னப் பொட்டலத்தையும் வழிக்கு எடுத்துக்கொண்டார்.

இறங்கும்போது அவர் மீசை கறுப்பு. ஏறி வந்தபோது வெள்ளை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே அது வழக்கம் போலிருக்கிறது.

"விருந்தாளிக்கு முதல்ல" என்று முனிராஜ் என் பக்கம் கையைக் காட்டினார்.

தொட்டையன் தக்கையைப் பிடுங்கி என்னிடம் பணிவாக நீட்டினார். முகர்ந்து பார்க்க வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? கண்ணில் ஒற்றிக்கொண்டு காதில் செருகிக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்த ஹ்ருஷிகேஷ் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

"டேஸ்ட் மாடி சார்" என்று தொட்டையன் பாட்டிலைச் சாய்த்தார். கிளாஸ் என் முன்னாலேயே இருந்தது. அதில் கொஞ்சம் ஊற்றுவார், நான் ருசி பார்த்துத் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஆனால் ஒருவர் பயபக்தியோடு குனிந்து எதையாவது கொஞ்சமாக ஊற்ற வந்தால், என் வலது கை வேறு என்ன செய்யும்? குழிந்துகொண்டது. இடது கை அங்கவஸ்திரத்தை மடித்து அதற்கு அடியில் போனது. வேண்டாம், வேண்டாம் என்று உள்ளுக்குள் கத்துகிறேன். இரண்டு கையும் கேட்கவில்லை.

ஊற்றினார். உறிஞ்சினேன். மறுபடி நீட்டினேன். மூன்று தடவை. உள்ளங்கையில் மிச்சமிருந்த ஈரத்தைத் தலையில் தடவிக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். தலை குனிந்துகொண்டது.

தீர்த்தம் ஆனால் சடாரி வர வேண்டுமே! பெருமாள் பாதம் பொறித்த அந்த வெள்ளிக் கவிப்பு உச்சந்தலையில் பட்டால்தான் என் கழுத்து நிமிரும். பிறந்ததிலிருந்து அதற்கு அப்படித்தான் பழக்கம்.

ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஹால் முழுக்க முள்கரண்டிச் சத்தம் நின்றுபோனது.

"அப்பா, நிமிருங்கோப்பா. எல்லாரும் பாக்கறா."

குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. எனக்கும்தான் அழுகை வந்தது. பெற்ற பிள்ளையின் கல்யாணம் என் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கழுத்து என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

தொட்டையன் அனுபவஸ்தர். பக்கத்து மேசையில் வறுத்த கோழியைக் கவிழ்த்து மூடியிருந்த வெள்ளி மூடியைக் குமிழைப் பிடித்துத் தூக்கினார். என் தலையில் ஒரு கணம் வைத்து எடுத்தார்.

கழுத்து நிமிர்ந்தது.

முனிராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு என்று நினைத்தேன். அவர் எழுந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கையைக் குழித்துத் தொட்டையனிடம் நீட்டினார்.

"எனக்கும் குடுங்கண்ணா."

அதற்கப்புறம் என் கையில் என்ன இருக்கிறது? அடுத்த மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். ஒரு ஜெர்மன்காரர் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். வரிசை ஹாலைத் தாண்டி, வாசலைத் தாண்டி, டாங்கா வண்டி ஸ்டாண்டு வரை போயிற்று. நூற்று இருபது வருஷமாகச் சேர்த்த நிலவறை மூன்று மணிக்குள் காலி. ஒரு கிளாஸ்கூட நனையவில்லை. சமையலறையிலிருந்து மூடிகள் போதவில்லை என்று கேட்டு, கடைசியில் குக்கர் மூடி வரைக்கும் வந்தது.

முனிராஜ் ஈரத் தலையோடு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சாமி, வைகாசில வெச்சுக்கலாங்களா?"

வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

முனிராஜுக்கு எதிரில் எனக்குப் போட்ட நாற்காலி மூன்று மணி வரை காலியாகவே கிடந்தது, அப்புறம் அவர் எழுந்து போய்விட்டார் என்பதுதான் ஹ்ருஷிகேஷ் என்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சு.