துடைக்கக் கூடாத கண்ணாடி

"போன் பேசிக்கிட்டே வண்டி ஓட்டினேன். தப்பு என்னுதுதான்."

ஜுபைர் சொல்லி முடிக்கவில்லை. ஷாஹிஸ்தாவின் அண்ணன் ஜாபர் உசேன் கொதித்துப் போனார்.

"கொல்லிமலை வளைவுல எவனாச்சும் போன் பேசுவானா மாப்பிள்ள? என் தங்கச்சி காலு போச்சே!"

அடிவாரத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்த ஷாஹிஸ்தாவுக்கும் வயிறு எரிந்தது. மலைமேல் வளப்பூர் நாட்டு ஊரிலிருந்து மிளகு மூட்டை ஏற்றிவந்த வேனில் அவளும் முன்சீட்டில்தான் இருந்தாள். கண்ணயர்ந்துவிட்டாள். தடுப்புச் சுவரில் வேன் மோதிய பிறகுதான் விழித்தாள்.

வாசலில் யமுனா வந்து நின்றாள். கண்ணாடியில் பனி படியாமலிருக்கப் பூச்சு தயாரிக்கும் கம்பெனியில் இன்ஜினியர். பூச்சு ஒரு மழைக்காலம் தாங்குமா என்று பார்க்க, இவர்கள் வேனின் முன்கண்ணாடியில்தான் பூசியிருந்தாள். மலைக்கு வரும்போதெல்லாம் இவர்கள் வீட்டில்தான் சாப்பாடு.

"பூச்சுதான் காரணமோன்னு நெஞ்சே நின்னு போச்சுங்கண்ணா..." என்று அழுதாள்.

"இல்ல அம்மணி," என்றார் ஜுபைர். "கண்ணாடி பளிச்சுன்னுதான் இருந்துச்சு. நீ அழுவாத."

யமுனா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். ஜாபர் உசேனும் தலையில் அடித்துக்கொண்டு டீ வாங்கக் கிளம்பினார்.

ஷாஹிஸ்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்படி யாருகிட்டங்க பேச்சு? பொண்டாட்டி உசுரை விடப் பெருசா?"

ஜுபைர் குரலைத் தாழ்த்தினார்.

"யாருகிட்டயும் பேசல. பூச்சு திட்டுத் திட்டா உரிஞ்சு போச்சு. மேகத்துக்குள்ள நுழைஞ்சதும் கண்ணாடி பாலை ஊத்துன மாதிரி ஆயிருச்சு. துணி போட்டுத் துடைக்கக் கூடாதுன்னு அந்தப் புள்ள சொல்லியிருந்துச்சு. துடைக்கலாமா வேண்டாமான்னு ஒரு நொடி யோசிச்சேன் பாரு..."

"அதை எதுக்குங்க மறைக்கோணும்?"

"இது சரியா வரலைன்னா அவளை வேலையை விட்டே தூக்கிருவாங்களாம். நம்ம ஊட்டுல உக்காந்து சாப்பிட்ட புள்ள. எல்லார் முன்னாலயும் எப்படிச் சொல்றது? தனியாக் கூப்பிட்டுச் சொன்னா அவளே சரி பண்ணிக்குவா. அதுவரைக்கும் நான் நாலு திட்டு வாங்கிட்டுப் போறேன்."

ஷாஹிஸ்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுசனையா சந்தேகப்பட்டோம்? அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே யமுனாவின் குரல் கேட்டது. போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடியைப் பார்த்துட்டுத்தான் சார் வந்தேன், பூச்சு மொத்தமா உரிஞ்சு கிடக்கு. கவலைப்படாதீங்க, தப்பு தன்னோடதுன்னு டிரைவரே ஒத்துக்கிட்டான். நாளைக்கே ஸ்கூல் வேன்களுக்குப் பூச ஆரம்பிச்சிரலாம்."