மோப்பம் பிடித்த இடம்

மூன்றாவது சாவியும் பூட்டுக்குள் திரும்பவில்லை. பின்னால் நின்ற டாக்சிக்காரர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கனமான பையைத் தோளிலிருந்து இறக்கினார்.

"சீக்கிரம் தொறடா மோப்பம். எவனாவது பாத்துட்டா போலீஸ்ல என்னன்னு சொல்றது?"

"ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கம் யாருண்ணே வரப்போறா?" என்றான் மோப்பம். நான்காவது சாவி திரும்பியது. இரும்புக் கதவு கிறீச்சிட்டபடி நகர்ந்தது.

உள்ளே போனதும் மூன்று பைகளைத் திறந்தார்கள். வெளியே வந்தவை மூன்று ரிமோட் கார்கள். ஆட்கள் மூன்று பேருக்கும் வயதைச் சேர்த்தால் நூற்றிருபது இருக்கும். ஊரில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தால் பெண் கொடுத்த மாமனார்கள் வருத்தப்படுவார்கள்.

பிழைக்க வந்த நாட்டில் கார் வாங்குவது சுலபம், அதை ஓட்ட இடம் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு. பூங்காவில் ஓட்டினால் நாய்கள் மிரளுகின்றன என்றார்கள். குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஓட்டினால் சத்தம் என்று எழுதி ஒட்டினார்கள். சூப்பர் மார்க்கெட்டின் பின்பக்கம் காவலாளி கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அடுத்தவன் நாட்டில் சட்டம் பேச முடியுமா? ஒவ்வொரு தடவையும் வாலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

இப்போது கதவைத் திறந்தவன் இடம் பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் நல்ல காலம் பிறந்தது. மோப்பம் என்ற பெயர் வந்ததும் அதனால்தான். முதலில் ஒரு சோப்புக் கிடங்கு, அப்புறம் ஓர் அச்சகம், இன்றைக்கு இந்த பிஸ்கட் கம்பெனி. எல்லாம் சமீபத்தில் இழுத்து மூடியவை, எல்லாவற்றிலும் வழவழவென்று சிமென்ட் தரை.

கம்பெனி கம்பெனியாகப் போய் லாப நஷ்டம் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுக்கிற உத்தியோகம் அவனுக்கு. சாவி எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டால், ஆபீஸ் விஷயத்தை வெளியே பேசக் கூடாதென்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பான். இவர்களும் அதற்குமேல் கேட்டதில்லை. ஓசியில் கிடைக்கிற இடத்துக்குப் பூர்வீகம் எதற்கு?

கதவோரப் பலகையில் போன மாத ஷிப்ட் பட்டியல் ஆள் பெயர்களோடு இன்னும் தொங்கியது. அதன் கீழே கிடந்த காலி பிஸ்கட் டின்களைப் பொறுக்கி, வளைவுகளுக்கு அடையாளமாக வைத்தார்கள்.

மூன்றாவது ஆள் வெல்டர். ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற கம்பெனியில் ஏழு வருடமாகப் பற்றவைக்கிறான். இன்றைக்கு அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் சுற்றிலேயே டாக்சிக்காரரை முந்திவிட்டு, கண்ணைக் காரிலிருந்து எடுக்காமல் சொன்னான்.

"விசா வந்திருச்சுண்ணே. அவளும் பாப்பாவும் அடுத்த மாசம் வர்றாங்க. நாளைக்கு ஸ்கூல்ல வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துடறா."

"டீச்சர் வேலை, நிரந்தரமாச்சேடா," என்றார் டாக்சிக்காரர்.

"பன்னெண்டு வருஷ சர்வீஸ்தான். ஆனா ஏழு வருஷமா நான் போன்லயே குடும்பம் நடத்தறேனே, அதுக்கு என்ன சொல்றீங்க? எனக்கு இங்க வேலை இருக்கறவரைக்கும் அவங்களும் இருக்கலாம்னு விசாவுலயே போட்டிருக்கு."

மோப்பத்தின் கார் நேராகப் போய் டின்னில் மோதிக் கவிழ்ந்தது. சக்கரங்கள் கூரையைப் பார்த்துச் சுற்றின. அவன் போய் நிமிர்த்தவில்லை.

"லீவு போட்டுட்டு வரச் சொல்லேன் மச்சான். ராஜினாமா எதுக்கு?"

"கேட்டாச்சு. அவ்வளவு லீவு தரமாட்டாங்களாம்."

"அப்ப ஒரு வாரம் கழிச்சுக் குடுக்கச் சொல்லு. ஒரே ஒரு வாரம்."

"ஏன்?"

"சும்மாதான்."

வெல்டர் டாக்சிக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தான். "வயித்தெரிச்சல்ணே இவனுக்கு. கல்யாணம் பண்ணிக்கடான்னா கேக்கறதில்ல, அடுத்தவன் பொண்டாட்டி வர்றதுக்கு நாள் பாக்கறான்."

டாக்சிக்காரர் சிரித்தார். மோப்பம் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருந்திருக்கும், ஆனால் இவர்கள் கார்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வெல்டரின் போன் அடித்தது. ரிமோட்டை விட மனமில்லாமல் போனை ஸ்பீக்கரில் போட்டு டின் மேல் வைத்தான்.

"லெட்டர் எழுதிட்டேங்க," என்றது அவன் மனைவியின் குரல். "ரெண்டு தடவை கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி எழுதினேன். நாளைக்குக் குடுத்துடவா? ஒருதரம் குடுத்துட்டா திரும்பச் சேத்துக்க மாட்டாங்க."

"கண்ணை மூடிட்டுக் குடு. நான் இருக்கேன்ல?"

"இருங்க, பாப்பா பேசணுங்கறா."

"அப்பா, நான் அங்க வந்ததும் நீ கார் ஓட்ற எடத்துக்குக் கூட்டிட்டுப் போவியா?"

"முதல் ஞாயித்துக்கிழமையே போலாம்டா. உனக்குன்னு ஒரு செவப்புக் கார் வாங்கி வெச்சிருக்கேன்."

"எங்கப்பா அந்த எடம்?"

"அது மாமாவுக்குத்தான் தெரியும். இரு, கேட்டுச் சொல்றேன்." வெல்டர் சிரித்தபடி திரும்பினான். "சொல்லு மச்சான், அடுத்த மாசம் எங்க புடிச்சு வெச்சிருக்க?"

மோப்பம் ரிமோட்டைத் தரையில் வைத்தான். ஆபீசில் போட்ட கையெழுத்து நினைவுக்கு வந்தது. தன் விசாவும் நினைவுக்கு வந்தது. டின் மேல் இருந்த போனை எடுத்து, வெல்டரின் மனைவி இன்னும் லைனில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டான்.

"உன் கம்பெனிலதான் மச்சான்."