இறங்காத கை

முகாம் வாசலில் காவல் நின்ற சிப்பாய் அருளப்பனை சேர்ந்து வீடியோ எடுக்க ஒரு குடும்பம் சூழ்ந்துகொண்டது. சிப்பாய்களின் முகம் யார் வீடியோவிலும் தெரியக் கூடாது என்று காலையில்தான் கர்னல் உத்தரவு போட்டிருந்தார். அவன் மறுப்பதற்குள் அந்தக் குடும்பத்துப் பெண், டிராக்சூட்டில் ஓடிவந்த ஒருவரை நிறுத்தி, “அண்ணே, லைவ் போகுது, கொஞ்சம் பிடிங்க” என்று போனைக் கையில் திணித்தாள். அவர்தான் கர்னல். அருளப்பனின் கை தானாக நெற்றிக்குப் போனது. அவர் பதில் சல்யூட் அடிக்கும்வரை அதை இறக்க முடியாது. தங்களுக்குத்தான் சல்யூட் என்று நினைத்துக் குடும்பமே கைதட்டியது. திரையில் இதயங்கள் பறந்தன. பதில் சல்யூட்டுக்காகக் கர்னலின் வலது கை போனைவிட்டு மெல்ல விலகியது.

“ரெண்டு கையாலயும் பிடிங்கண்ணே, ஆடுது.”

கர்னல் பிடித்தார். போன் ஆடுவது நின்றது. திரைக்குள் அருளப்பனின் கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.